13.4 என்ற இலக்கத்துக்காக 95 பெற்றோல் அடிக்க வேண்டுமா?

மச்சானிடம் முதல் தலைமுறை டொயோட்டா அக்குவா கார் ஒன்று இருக்கிறது. சேர்விஸுக்குப் போன இடத்தில் கராஜ்காரர், "தம்பி, இந்த எஞ்சின்ர கொம்பிரஷன் 13.4. 92 அடிச்சா தட்டும், 95ஐயே அடியுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கூடுதல் செலவு. "நீ எழுதுற ஆள்தானே, விசாரிச்சுச் சொல்லு" என்றார். ஊடகக் கற்கை படித்த எனக்கு எஞ்சின் புதிது. ஆனால் கணக்கு அவ்வளவு கடினமில்லை.

முதலில் நிலையான நெருக்கல் விகிதம். அக்குவாவின் சிலிண்டர் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 84.7 மில்லிமீற்றர். இதன்படி ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 374.2 சீசீ. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே ஏறத்தாழ 30.2 சீசீ இடம் மிஞ்சும். இரண்டையும் கூட்டினால் 404.4. அதை 30.2ஆல் வகுத்தால் 13.4. கராஜ்காரர் சொன்ன இலக்கம் சரிதான்.

ஆனால் பிஸ்டன் மேலே திரும்பும்போதும் உள்ளெடுப்பு வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது மூடும்வரை நெருக்கல் தொடங்காது. உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வெளியே தள்ளப்படும். பெரும்பாலான எஞ்சின்களில் இது உண்டு. அக்கின்சன் முறையில் ஓடும் அக்குவா போன்ற ஹைபிரிட்களில் வால்வு வேண்டுமென்றே இன்னும் பிந்தி மூடும். உதாரணமாக, பிஸ்டன் கால்வாசி ஏறியபின் மூடுவதாக வைப்போம். மிச்சம் 280.7 சீசீ. அதனுடன் 30.2ஐக் கூட்டி 30.2ஆல் வகுத்தால் 10.3. இதுதான் இயங்கு நெருக்கல் விகிதம். வால்வு மூடும் நேரத்தைக் கணினி மாற்றிக்கொண்டே இருப்பதால் இந்த இலக்கமும் மாறும்.

எரிந்த வாயு விரியும்போது மட்டும் ஏறத்தாழ முழு 13.4 பயன்படுகிறது. எரிபொருள் மிச்சமாவதற்கு இது முக்கிய காரணம்.

ஆக, தட்டும் அபாயத்தை 13.4ஐ மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. ஜப்பானில் இந்தக் கார் சாதாரண பெற்றோலில்தான் ஓடுகிறது. அங்குள்ள தரத்தின்படி அதன் ஒக்டேன் குறைந்தது 89. நம் நாட்டில் கிடைப்பது 92.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. சூடேறிப் பழுதான எஞ்சினின் ஹெட்டைச் சீவினால் மேலே மிஞ்சும் இடம் குறையும். 0.3 மில்லிமீற்றர் சீவினால் ஏறத்தாழ 1.3 சீசீ போகும், 13.4 என்பது 13.9 ஆகும், நம் உதாரணத்தின் 10.3 என்பது 10.7 ஆகும். பாவித்த கார் வாங்குவோர், ஹெட் கழற்றப்பட்டதா, எவ்வளவு சீவினார்கள் என்று கேட்பது நல்லது.

மச்சானின் எஞ்சினில் இதுவரை யாரும் கைவைக்கவில்லை. மனுவலைப் பார்த்துவிட்டு அவர் திரும்பவும் 92 அடிக்கிறார்.