பள்ளிப் பிணக்கும் ஊரார் பொறுப்பும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் அமைந்துள்ளது மாகறல். உழவும் நெசவும் பலருக்குப் பிழைப்பாக உள்ள வட்டாரம் இது. ஏரி நீரைப் பங்கிடுவதில் தகராறு எழுந்தால், மடையை அடைத்துவிடுவதால் அது தீர்ந்துவிடாது. முறை வகுத்தாலன்றோ தீரும்! பள்ளியில் எழும் பிணக்கும் அத்தகையதே.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பாடம் கற்பிப்பதோடு பலவகைப் பிணக்குகளையும் தீர்க்க வேண்டியவராக இருக்கிறார். வளரிளம் பருவத்து வீம்பினாலும், தெருவிலிருந்து வகுப்பறைக்குள் வரும் சாதிப் பகையினாலும் மாணவர் மோதிக்கொள்கின்றனர். மதிப்பெண், வருகைக் குறைவு ஆகியவை பற்றிப் பெற்றோர் சினம் கொள்கின்றனர். பாடவேளையைப் பங்கிடுவதிலும், விடுப்பில் சென்றவரின் வகுப்பை யார் கவனிப்பது என்பதிலும் ஆசிரியர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் உண்டாகிறது. இவற்றுள் எது முற்றினாலும் நட்டம் பிள்ளைக்கே. பத்தாம் வகுப்பை எட்டுமுன் நின்றுவிட்ட பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவது எளிதன்று.

ஐந்து வழிகள்

அமெரிக்க அறிஞர்களான கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் ஆகிய இருவரும் 1974-இல் பிணக்கை அணுகும் வழிகளை ஐந்தாக வகுத்தனர். தன் முடிவை வலியுறுத்தல், விட்டுக்கொடுத்தல், விலகி நிற்றல், ஆளுக்குப் பாதி இறங்கி வருதல், இருவர் தேவையும் நிறைவேறும் வழியைக் கூடித் தேடல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற காலம் உண்டு.

மாணவர் கைகலக்கும்போது ஆசிரியர் உறுதியாகத் தடுத்தே ஆக வேண்டும். சினத்துடன் வந்த பெற்றோரிடம் உடனே வாதாடாது, அமரச் செய்து, சற்றுப் பொறுப்பது நன்று. பாடவேளைச் சிக்கலில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கலாம். ஆளுக்குப் பாதியாகவும் ஏற்கலாம்.

வருகைக் குறைவுக்கோ கூடித் தேடுவதே தக்க வழி. தறிக்கு ஆளில்லை என்று மகனை நிறுத்திய தந்தையிடம் சட்டத்தை மட்டும் எடுத்துக் கூறினால், அவர் வாய் மூடுவார். பிள்ளை பள்ளிக்கு வரமாட்டான். 14 வயது நிறையாத பிள்ளையைப் பள்ளி நேரத்தில் வேலையில் ஈடுபடுத்துவதைச் சட்டம் ஏற்பதில்லை என்பதைக் கூறத்தான் வேண்டும். அதனுடன், வேலை மிகுந்த நாட்கள் எவை, வேறு ஏற்பாடு உண்டா, தவறிய பாடத்தை எப்பொழுது கற்பிக்கலாம் என்றும் கேட்டால் வழி பிறக்கும்.

செய்ய வேண்டியவை

இரு தரப்பாரையும் தனித்தனியே கேட்க வேண்டும். பிறர் முன்னிலையில் எவரையும் இழிவுபடுத்தலாகாது. காரணத்தைக் கண்டு, எடுத்த முடிவை எழுதிவைத்து, சில நாட்களுக்குப் பின் அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். பிரம்பு இவற்றுக்கு ஈடாகாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒருவன் அடிக்க, மற்றவன் அடிபட்டான் எனில், ஆளுக்குப் பாதிக் குற்றம் என்பது நியாயமாகாது. சாதி சொல்லி இழிவுபடுத்தியதைச் சமரசம் என்ற பெயரில் மூடி மறைத்தல் கூடாது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கத்தக்க பிணக்கே அன்று. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

ஊரார் பங்கு

காஞ்சிபுரம் வட்டாரத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளி தங்களுடையது என்ற எண்ணத்துடன் ஊர்மக்கள் பொருளுதவி புரிய முன்வந்த இயக்கம் அது. அன்று பலகையும் நாற்காலியும் வழங்கிய ஊர், இன்று நியாயமும் பொறுமையும் வழங்க வேண்டும். அதற்கெனப் பள்ளி மேலாண்மைக் குழு உள்ளது. 2022-இல் மறுசீரமைக்கப்பட்ட இக்குழுக்களில் பெற்றோருடன் உள்ளாட்சி உறுப்பினர்களும் இடம்பெற்றனர்.

ஆகவே, பள்ளியில் பிணக்கு எழுந்ததெனக் கேட்டதும் கூட்டம் சேர்த்து வாயிலுக்குச் செல்வது நம் கடமையன்று. முதலில் ஆசிரியரிடம் விவரம் கேட்போம். பிறகு குழுவில் அமர்ந்து பேசுவோம். பள்ளியின் பிணக்கு தெருவுக்கு வராமலும், தெருவின் பகை பள்ளிக்குள் புகாமலும் காப்போமாயின், நம் பிள்ளைகளின் படிப்பு இடையில் முறியாது.