அஞ்சாம் தேதி வாடகை

யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில், எங்கள் வளவில் அப்போது ஐந்து வீடுகள். வாடகை என்றைக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. 1965இல் தொடங்கிய விவசாயக் கல்லூரியில் வேலை பார்த்த குடும்பம், சம்பளம் வந்த மறுநாளே கொடுத்துவிடும். கொத்தனார் வீட்டில் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். "அக்கா, இந்த மாசம் பத்து தேதி ஆயிரும்" என்று கிணற்றடியில் சொன்னால், "சரிப்பா" என்பார் அம்மா. நாற்பது பக்க நோட்டில் வரவு ஏறும், பக்கத்தில் ஒரு கையெழுத்து. ஒத்திக்கு இருந்த கடைசி வீட்டுக்கு அந்தப் பேச்சே இல்லை. மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடிவந்தவருக்கு மாத வாடகை ஏது?

அன்றைய சட்டமும் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தது. மதுரை நகருக்குள் நடப்பில் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், பேசிய தேதி தாண்டி 15 நாள் வரை பாக்கி என்று வழக்குப் போட முடியாது. தேதியே பேசவில்லை என்றால் அடுத்த மாதக் கடைசி வரை அவகாசம். ஆனால் வளவு வீடுகளில் யாரும் சட்டத்தைப் பார்த்து நடக்கவில்லை. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கேட்காமலே தெரியும்.

2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இங்கே திறந்தபின் ஒத்தக்கடை வேறு ஊராகிவிட்டது. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், தனியார் கம்பெனிப் பிள்ளைகள் என்று வாடகைக்கு வீடு தேடி வந்தபடி இருக்கிறார்கள். வளவுகள் மாடி வீடுகளாயின. உடைமைக்காரர் பலர் வெளியூரில். அவர்களுக்குக் குடித்தனக்காரரின் முகம் தெரியாது, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திதான் தெரியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 5ஆம் தேதி என்று அச்சடித்தே வருகிறது.

அந்த 5 எங்கிருந்து வந்தது? மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் அரசு ஊழியரை மனத்தில் வைத்து வந்திருக்கலாம். தனியார் வேலைக்கு அது பொருந்தாது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, 1000 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்துக்கு 7ஆம் தேதியையும், பெரிய இடத்துக்கு 10ஆம் தேதியையும் கெடுவாக வைத்தது. சம்பளம் 7இல், வாடகை 5இல் என்றால் மாதாமாதம் இரண்டு நாள் கைமாற்று வாங்கியே தீரவேண்டும்.

எங்கள் மாடியில் இருக்கும் பெண் போன ஆடியில் வந்து நின்றாள். கம்பெனியில் சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்களாம். "அண்ணே, பத்தாம் தேதி தரலாமா?" என்று கேட்பதற்குள் குரல் கம்மிவிட்டது. கடன் கேட்க வந்தவளைப் போல நின்றாள். மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தவறாதவள் அப்படி நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கும் வீட்டுக்கடன் தவணை 5ஆம் தேதிதான். அந்த ஒரு மாதம் மட்டும் சேமிப்பிலிருந்து கட்டினேன்; அதன்பின் அவள் பத்தாம் தேதி தரும் பணம் அடுத்த மாதத் தவணைக்கு நிற்கிறது. ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியிலும் தேதியைத் திருத்தி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இதில் சிலர் ஐந்து நாள் வாடகை கூடுதலாகக் கேட்கிறார்கள். அது தவறு. ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரை என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது, பணம் கைமாறும் நாள் மட்டுமே தள்ளுகிறது. வாடகை மாதமே பத்தில் தொடங்குவதாக மாற்றினால்தான் இடைப்பட்ட நாட்களுக்குத் தனிக்கணக்கு. 6000 ரூபாய் வாடகை என்றால் நாளுக்கு 200, ஒன்றிலிருந்து ஒன்பது வரை 1800. அதை ஒருமுறை வாங்கினால் போதும்.

வீடு வைத்திருப்பவர்களே, தேதி மாற்றக் கேட்டு யாராவது வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். சம்பளம் என்றைக்கு வருகிறது என்று கேளுங்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு தேதியை எழுதிக் கொடுங்கள்.