குரலில் பிடிபட்ட ஆந்தை

1995. இலங்கையின் கித்துல்கல மழைக்காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொடவின் காதில் மென்மையான ஒரு கூவல் விழுந்தது. ஆந்தைதான், ஆனால் தீவில் அதுவரை அறிந்த எந்த ஆந்தையின் குரலோடும் அது பொருந்தவில்லை.

குரலுக்கு உரியவரைச் சந்திக்க ஆறு ஆண்டுகள் ஆயின! 2001 ஜனவரியில், சிங்கராஜா காட்டில் அது கண்ணில் பட்டது. செம்பழுப்பு உடல், கரும்புள்ளிகள், சுமார் 16.5 சென்டிமீட்டர் நீளம்.

பார்த்துவிட்டால் போதுமா? போதாது. இதுபோன்ற சிற்றாந்தைகளில் பலவும் அண்ணன் தம்பிபோல் ஒரே சாயல். இறகை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஆந்தை தன் கூவலை யாரிடமும் கற்பதில்லை. அது பிறவிக் குணம். அதனால், ஒலிப்பதிவு இங்கே கைரேகைக்குச் சமம். அதோடு, அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பறவை மாதிரிகளோடும் ஒப்பிட்டாக வேண்டும். இதெல்லாம் முடிந்து, வரகாகொடவும் அமெரிக்க ஆய்வாளர் பமீலா ராஸ்முசெனும் 2004இல் இதைப் புதிய இனமாக அறிவித்தார்கள்.

அறிவியல் பெயர் ‘ஓட்டஸ் திலோஹொஃப்மன்னி’. சிங்கராஜாவை மரம் வெட்டுவதிலிருந்து காக்கப் போராடியவர் திலோ ஹொஃப்மன். அந்தக் காடு பிழைத்ததால்தான் ஆந்தையும் கண்ணில் பட்டது. இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.