ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு திட்டம்

ரப்பர் மரங்கள் யாவும் ஒன்றுபோல் பால் தருவதில்லை. ஒன்றின் பட்டை தடித்திருக்கும். மற்றொன்றின் பட்டை மெலிந்திருக்கும். கத்தியை எவ்வளவு ஆழம் செலுத்தலாம் என்பதை மரத்தைப் பார்த்தே பால்வெட்டுத் தொழிலாளி முடிவு செய்கிறார். பிள்ளைகளின் கல்வியும் அத்தகையதே.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் பேச்சுத் தாமதமான பிள்ளைகள், எழுத்தை மனத்தில் நிறுத்த இயலாத பிள்ளைகள் இருக்கக்கூடும். "இது தலைவிதி" என்று கூறி அவர்களை வீட்டிலேயே வைத்திருப்பது முறையன்று. சிறப்புக் கல்விக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிவகுத்துள்ளது. பார்வை, செவிப்புலன், பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றில் குறைபாடுடைய மாணவர்களை 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள் குறிப்பிடுகின்றன. இத்தகைய பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது.

திட்டம் என்பது யாது?

சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் மாணவனுக்குத் தனியாள் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்படுகிறது. மலாய் மொழியில் இதனை 'ரன்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு' என்பர். பிள்ளை இப்போது எதைச் செய்ய வல்லது, எதில் இடர்ப்படுகிறது, அடுத்து எதைக் கற்க வேண்டும், யார் கற்பிப்பார், எப்போது மறு ஆய்வு நடைபெறும் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய எழுத்துத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர்ப் பல நாடுகளும் இம்முறையை மேற்கொண்டன.

இலக்கு அளந்து பார்க்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். "நன்றாகப் படிக்க வேண்டும்" என்பது விருப்பமே, இலக்கு ஆகாது. "மூன்று மாதத்திற்குள் உயிரெழுத்துப் பன்னிரண்டில் எட்டினை அடையாளங் காட்டுவான்" என்பதே இலக்கு. அது நிறைவேறாவிடில் பிள்ளையைக் குறைகூறுவதற்கில்லை. கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும், அல்லது இலக்கைச் சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும்.

பெற்றோரின் பங்கு

ஆசிரியர் அறியாத பலவற்றைப் பெற்றோர் அறிவர். வகுப்பில் பத்து வரை எண்ணத் தயங்கும் சிறுவன், மாலையில் கோழிகளை ஒன்றுவிடாமல் எண்ணிக் கூட்டில் அடைப்பவனாக இருக்கலாம். இச்செய்தி ஆசிரியருக்கு எட்டினால் கணக்குப் பாடத்தின் தொடக்கமே மாறிவிடும். ஆகவே, கூட்டத்திற்கு அழைப்பு வந்தால் தவறாது செல்லுங்கள். காலையில் பால்வெட்டு இருப்பின், பால் நிறுத்து முடிந்த பிற்பகல் வேளையை ஒதுக்கித் தருமாறு ஆசிரியரைக் கேளுங்கள்.

திட்டம் மலாய் மொழியில் இருந்து விளங்காவிடில், அதனை விளக்குமாறு கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். இலக்குகள் யாவை, வீட்டில் நாம் செய்ய வேண்டுவது யாது, மறு ஆய்வு எந்நாள் என்னும் மூன்று வினாக்களையும் மறவாது கேட்க வேண்டும். படிப்பறிவு குறைந்தவர் என்று எவரும் கூச வேண்டியதில்லை.

எங்குத் தொடங்குவது?

முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பிள்ளையைக் காட்டுங்கள். செவியோ பார்வையோ மந்தமாயிருப்பதை மந்தபுத்தி என்று எண்ணி ஏமாந்தோர் உண்டு. மருத்துவச் சோதனை அந்த ஐயத்தை நீக்கும். மருத்துவர் உறுதிப்படுத்திய பின், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்யலாம். பள்ளி இடத்திற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தை நாடலாம்.

காலந்தாழ்த்துதல் மட்டும் வேண்டாம். பிஞ்சுப் பருவத்தில் பெறும் பயிற்சியின் பயன் பெரிது. தன் பெயரை எழுதவும், கடையில் மீதிக் காசை எண்ணி வாங்கவும், தானே உடுத்தவும் கற்ற பிள்ளை, பெற்றோரின் காலத்திற்குப் பின்னும் தன்மானத்தோடு வாழும். அதற்கு முதற்படி அந்த ஒரு தாளே. அதில் பெற்றோரின் சொல்லும் இடம்பெறட்டும்.