நிருவாகச் சட்டமும் சட்டத்தரணியின் துணையும்

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டுவித்தான் என்பது தமிழ் மக்கள் வழிவழி கேட்டுவருங் கதையாகும். அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாளனைப் பற்றியும் அத்தகைய செய்தியொன்றை மகாவமிசம் கூறுகின்றது. கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, மன்னன் எழுந்து வந்தான். பசுவுக்காகப் பேச ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. குறை கேட்பவனும் தீர்ப்புச் சொல்பவனும் அதனை நிறைவேற்றுபவனும் ஒருவனாகவே இருந்தமையால் வழி எளிதாயிற்று.

இக்காலத்து அரசின் அமைப்பு அத்தகையதன்று. காணி அநுமதிப்பத்திரம் வழங்குவது ஓர் அலுவலகம். வியாபார உரிமம் வழங்குவது வேறோர் அலுவலகம். ஆசிரியரை இடமாற்றுவதும், மாணவரைப் பரீட்சைக்கு அநுமதிப்பதும், ஓய்வூதியத்தைக் கணிப்பதும் வெவ்வேறு அதிகாரிகளின் கடமைகளாம். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அதிகாரத்தை அளிப்பது ஒரு சட்டம். அவ்வதிகாரத்துக்கு எல்லை வகுப்பதும் சட்டமே. அவ்வெல்லையை ஆராயும் துறை நிருவாகச் சட்டம் எனப்படும்.

இத்துறையில் மக்கள் பெரிதும் மயங்குமிடம் ஒன்றுண்டு. அதிகாரியின் முடிவு தவறானதாயின் நீதிமன்றம் அதனைத் திருத்திச் சரியான முடிவைத் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். மேன்முறையீட்டுக்குச் சட்டம் இடமளித்திருப்பின் அவ்வாறு நிகழ்தல் கூடும். ஆனால் எழுத்தாணை கோரும் வழக்கில் நீதிமன்றம் வினவுவது வேறு. இம்முடிவைச் செய்ய இவருக்கு அதிகாரம் உண்டா? பாதிக்கப்படுபவரின் பக்கத்தை அவர் கேட்டாரா? கருதவேண்டியவற்றைக் கருதினாரா? நியாயமுள்ள எவருஞ் செய்யாத முடிவைச் செய்தாரா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே அதன் பணி. ஆகவே தம்பக்கம் நியாயம் உண்டு என்பதை மட்டும் நம்பி வழக்காடச் செல்பவர் ஏமாற்றமடைதல் கூடும். இவ்வுண்மையை இலங்கையிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மூன்று வழக்குகள் தெளிவாக்குகின்றன.

முதலாவது, நக்குடா அலி எதிர் ஜயரத்தின என்பதாகும். போர்க்கால விதிகளின்கீழ்ப் புடைவை வியாபாரத்துக்கு உரிமம் பெற்றிருந்த ஒருவரின் உரிமத்தைப் புடைவைக் கட்டுப்பாட்டதிகாரி இரத்துச் செய்தார். வியாபாரி உறுதிகேள் எழுத்தாணையை நாடினார். சட்டத்துக்கு மாறான தீர்மானத்தை வெறிதாக்குவதற்கு நீதிமன்றம் வழங்கும் ஆணை அது. 1950ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் இரண்டு கருத்துக்களை வெளியிட்டது. அதிகாரி செயற்படுவதற்கு வேண்டிய ‘நியாயமான காரணங்கள்’ அவருடைய மனத்தில் மட்டுமன்றி உண்மையிலும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. உரிமத்தை மீளப்பெறுவது நீதிமுறையான செயல் அன்று. ஆகவே இவ்வெழுத்தாணை அங்குச் செல்லாது என்பது மற்றொன்று. வியாபாரி தோற்றார். பின்னர் 1963ஆம் ஆண்டிலே, றிட்ஜ் எதிர் போல்ட்வின் என்னும் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இவ்விரண்டாங் கருத்தை ஏற்காது ஒதுக்கியது. நேற்று மூடியிருந்த கதவு இன்று திறந்திருத்தல் கூடும். திறந்திருந்தது மூடப்பட்டிருத்தலுங் கூடும். தீர்ப்புக்களைத் தொடர்ந்து கற்றுவருபவரே இதனை அறிவார்.

இரண்டாவது வழக்கு மாணவருலகத்துக்கு நெருங்கியது. இலங்கைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் மாணவர் ஒருவர், பரீட்சைத் தாளில் வந்த ஜெர்மன் மொழிப் பகுதியை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று குற்றஞ் சாட்டப்பட்டார். விசாரணைக் குழுவினர் முதன்மைச் சாட்சியை அவர் இல்லாத வேளையில் விசாரித்தனர். முடிவில் அவர் பரீட்சைகளுக்குத் தோற்றுவது காலவரையறையின்றித் தடுக்கப்பட்டது. இலங்கை உயர் நீதிமன்றம் மாணவருக்குச் சார்பாகத் தீர்த்தது. ஆயின் 1960ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பளிக்கப்படவில்லை என்பது மாணவர் தரப்பு வாதங்களுள் ஒன்று. அவ்வாய்ப்பை அவர் கேட்டு, அது மறுக்கப்பட்டிருப்பின் அவ்வாதம் மிக்க வலிமை பெற்றிருக்கும் என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர். அவரோ கேட்கவில்லை. விசாரணை அறையில் சொல்லாது விட்ட ஒரு வாக்கியம் எட்டாண்டுகளுக்குப் பின்னர் கடல் கடந்த மன்றத்தில் அவருக்கு எதிராக நின்றது. வழக்கு நீதிமன்றத்திலே தொடங்குவதன்று. அதிகாரியின் முதற் கடிதத்துடனேயே அது தொடங்கிவிடுகின்றது.

மூன்றாவது வழக்கு யாழ்ப்பாண மண்ணில் எழுந்தது. 1949ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாண மாநகர சபையை 1966ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்ளூராட்சி அமைச்சர் கலைத்தார். சபை தன் கடமைகளைச் செய்யும் ஆற்றலற்றது என்பது கூறப்பட்ட காரணம். அக்குற்றச்சாட்டுக்கு விடையளிக்கச் சபைக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மாநகர முதல்வராயிருந்த துரையப்பா வழக்குத் தொடர்ந்தார். மக்கள் தெரிந்தெடுத்த சபையொன்றை ஆற்றலற்றது என்று கூறிக் கலைப்பதாயின் முன்னதாக அதன் விளக்கத்தைக் கேட்டல் வேண்டும். அமைச்சர் அவ்வாறு கேட்கத் தவறினார் என்று பிரிவி கவுன்சில் ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. இம்மட்டும் முதல்வருக்கு வெற்றியே. ஆனால் தவறிழைக்கப்பட்டது சபைக்காதலின் முறையிடவேண்டியதுஞ் சபையே. சபை முறையிடாதவிடத்து முதல்வர் தனித்து நின்று முறையிடல் இயலாது என்று கூறி வழக்கைத் தள்ளியது. கயிற்றை இழுத்தவர் இழுத்தற்குரியவர் அல்லர் என்றமையால் மணியோசை பயனின்றிப் போயிற்று. சபை கலைந்தபடியே இருந்தது.

எவ்வழக்கை, எவர், எப்பொழுது, எம்மன்றத்தில் தொடர்தல் வேண்டும் என்னும் அறிவு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இம்மூன்று வழக்குகளுஞ் சான்று. இவ்வறிவுக்காகவே தேர்ந்த சட்டத்தரணியின் துணை நாடப்படுகின்றது.

மேற்குறித்த வழக்குகள் நிகழ்ந்த காலத்தில் அப்புக்காத்து, பிறக்கிறாசி என்னும் இரு பிரிவினர் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால் இவ்விரு பிரிவும் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் வழங்கலாயிற்று. பெயர் ஒன்றாயினும் பயிற்சி ஒன்றன்று. காணி உறுதி எழுதுவதில் வல்லவர் எழுத்தாணை மனு வரைவதிலும் வல்லவராயிருப்பார் என்று கொள்ளுதல் பொருந்தாது.

மணிகளும் இன்று பலவாகிவிட்டன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 140ஆம் உறுப்புரையால் எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம், மாகாண சபைகளுக்குரிய விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அவ்வதிகாரத்தை ஈந்தது. நிருவாகச் செயலொன்று அடிப்படை உரிமையை மீறுமாயின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடல்வேண்டும்; அதற்குரிய காலம் ஒரு மாதமே. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அம்மாதத்துள் முறையிட்டிருப்பின், அங்கு விசாரணை நிலுவையிலிருக்குங் காலம் கணக்கிடப்படமாட்டாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. அரச சேவை ஆணைக்குழுவின் தீர்மானத்தால் பாதிப்புற்ற ஊழியருக்கு 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை உண்டு. எழுத்தாணை மனுவுக்கு இத்தனை நாள் என்னும் பொதுவான வரையறை இல்லையெனினும், காரணமின்றித் தாமதித்தவருக்கு நீதிமன்றம் துணைசெய்யாது. அமைச்சுக்கு முறையீட்டின்மேல் முறையீடு எழுதி மறுமொழிக்குக் காத்திருப்பவர் இவ்வாறே தம் உரிமையை இழக்கின்றனர்.

தேர்ந்த சட்டத்தரணியை அறிவது எங்ஙனம்? முதற் சந்திப்பில் அவர் கேட்கும் வினாக்களே அவரை அறிவிக்கும். முடிவு கிடைத்த தேதி யாது என்று முதலிலே கேட்பார். மூலக் கடிதம், சுற்றறிக்கை, வர்த்தமானி அறிவித்தல், பதிவுத் தபாற் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்வார். அதிகாரிக்கு அதிகாரம் அளித்த சட்டப்பிரிவைத் தேடி எடுப்பார். முடிவுக்குக் காரணந் தரப்படாவிடத்து அதனை எழுத்திற் கேட்பிப்பார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குப் பெரிதும் உதவும். செய்யாதுவிட்ட கடமையைச் செய்யுமாறு பணிக்கும் ஆணையைக் கோருவதாயின், கடமையைச் செய்யும்படி முன்னரே எழுதிக் கேட்டமைக்குச் சான்றுண்டா என்று பார்ப்பார். எதிர்மனுதாரராக எவரெவரைச் சேர்த்தல் வேண்டும் என்பதை ஆராய்வார். வேண்டியவர் ஒருவரை விட்டுவிட்டமையாலும் மனுக்கள் தள்ளப்பட்டதுண்டு.

இவற்றினும் மேலாக, கட்சிக்காரருக்குப் பாதகமான செய்தி யாதேனும் உண்டோ என்று அவர் துருவிக் கேட்பார். எழுத்தாணை உரிமையாகப் பெறுவதன்று. நீதிமன்றத்தின் தற்றுணிபால் வழங்கப்படுவது. முக்கியமான செய்தியை மறைத்து வந்தவரின் மனு, அதன் நியாயம் ஆராயப்படாமலே தள்ளப்படல் கூடும். ஆதலாற் கட்சிக்காரர் சொல்வதற்கெல்லாந் தலையசைப்பவரிலும், சத்தியக் கடதாசி முடிக்குமுன் இடர்தரும் வினாக்களைத் தொடுப்பவரே நல்ல துணைவராவர். வெற்றி உறுதி என்று வாக்களிப்பவரை ஐயுறுதல் தகும். வழக்கு வேண்டாம், மேலதிகாரிக்கு ஒரு கடிதம் போதும் என்று சொல்பவர், தம் ஊதியத்தை இழந்தும் கட்சிக்காரரின் பொருளைக் காப்பவராவர்.

பொருளற்றோர் இவ்வழியை நாடல் அரிது என்பது உண்மையே. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்குச் சட்ட உதவி அளித்துவருகின்றது. இச்செய்தியை அறியாது பலர் தம் குறையை வீட்டுத் திண்ணையிலேயே முடித்துக்கொள்கின்றனர். கற்றவர்கள் அண்டை அயலாருக்குச் செய்யத்தக்க உதவிகளுள் இதனைத் தெரிவித்தலும் ஒன்றாகும்.

ஓர் அரசாங்கக் கடிதம் வீட்டு வாயிலுக்கு வந்ததும், அது வந்த நாளை அதன் மூலையிற் குறித்துவைத்தல் சிறு செயலே. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர், சாட்சியை வினவ விரும்புகின்றேன் என்று எழுத்திற் கேட்பதுஞ் சிறு செயலே. பல்கலைக்கழக மாணவரின் வழக்கிலே குறைவாயிருந்தது அத்தகைய ஒரு கேள்விதான். யாழ்ப்பாண வழக்கிலே குறைவாயிருந்தது சபையின் பெயரில் ஒரு மனு. இரண்டையும் உரிய நேரத்திற் சொல்லித்தருதல் தேர்ந்த சட்டத்தரணியின் தொழில். உரிய நேரத்தில் அவரிடம் செல்லுதல் குடிமக்களின் பொறுப்பு.