நெட் வரவில்லை, பில் மட்டும் வருகிறதா?

என் வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு ஒருமுறை இருபது நாட்கள் டெட். ஆனாலும் முழு மாத பில் வந்துவிட்டது! கஸ்டமர் கேருக்கு நான்கு முறை போன் செய்தேன். "நாளைக்கு ஆள் வருவார் சார்" என்றார்கள். நம்பிவிட்டேன். டாக்கெட் எண் எனப்படும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கவில்லை. ஐந்தாவது முறைதான் வாங்கினேன். கடைசியில் அந்த எண் பதிவான தேதியிலிருந்து ஆறு நாட்களுக்கு மட்டுமே பணம் கழித்தார்கள். மற்ற பதினான்கு நாட்களுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

டிராய் அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் இந்த எண் தரப்பட வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கின்றனர். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் செல்லலாம்; 2022ல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துள்ளது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

"40 எம்பிபிஎஸ் பிளான், டவுன்லோட் 5 எம்பிதான் காட்டுகிறது" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பிளானில் இருப்பது பிட், டவுன்லோடில் தெரிவது பைட். எட்டு பிட் ஒரு பைட். கணக்கு சரிதான்! வேகம் அதைவிடக் குறைந்தால், வைஃபையை விட்டுவிட்டு கேபிளை நேரடியாகச் செருகிச் சோதியுங்கள். அப்போதும் குறைவென்றால் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு சேமித்துவிட்டுப் போன் செய்யுங்கள்.