சாமையும் குச்சிக்கிழங்கும் ஒரு கணினி விளையாட்டும்

2014-இல் வெளிவந்த 'பேனிஷ்ட்' என்ற கணினி விளையாட்டில் எதிரி என்று யாரும் கிடையாது. படையெடுப்பும் பீரங்கியும் இல்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சில குடும்பங்கள், கொஞ்சம் சாமான், எதிரே காடு. வீடு கட்டி, வயல் திருத்தி, பனிக்காலத்தைத் தாண்டினால் போதும். தாண்டுவதுதான் கஷ்டம். புதிதாக ஆடுபவர்களின் ஊர் பெரும்பாலும் பட்டினியில்தான் அழியும்.

அழிவது எப்படி என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கிடங்கு நிறைந்திருக்கிறதே என்று ஆடுபவர் பத்து வீடு கட்டுவார். வீடு கிடைத்ததும் ஜோடிகள் குடியேறும், குழந்தைகள் பிறக்கும். குழந்தைகள் சாப்பிடும், வயலுக்கு வராது. இரண்டு வருஷம் கழித்துக் கிடங்கு சரியத் தொடங்கும்போது பதறிப்போய்ப் புது வயல் போடுவார். அந்த வயல் இலையுதிர் காலத்தில்தான் விளையும். அதற்குள் உழவர்கள் பசியில் சாவார்கள், அறுக்க ஆள் இல்லாமல் நின்ற பயிரையும் பனி கொண்டுபோகும். விளைச்சல் குறைந்ததால் வந்த பஞ்சம் இல்லை இது. வாய் பன்னிரண்டு மாதமும் திறந்திருக்க, வயல் ஒருமுறைதான் தருகிறது என்பதால் வந்த பஞ்சம்.

காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜே ஃபாரஸ்டர். 1969-இல் அவர் நகரங்களைப் பற்றி எழுதிய நூலின் தாக்கத்தில் பிறந்ததுதான் 'சிம்சிட்டி'; இன்றைய ஊர் கட்டும் விளையாட்டுகளில் பலவும் அதன் வழி வந்தவை. நிஜ உலகிலும் இந்தக் கணக்கு தப்பவில்லை. அலாஸ்காவைச் சேர்ந்த செயின்ட் மாத்யூ தீவில் 1944-இல் 29 கலைமான்களைக் கொண்டுவிட்டார்கள். 1963-இல் அவை ஆறாயிரம். மெல்ல வளரும் பாசிப்பூஞ்சைகளை மேய்ந்து தீர்த்த மந்தையில் 1966-இல் மிஞ்சியவை 42.

அந்தத் தீவில் கிடங்கும் இல்லை, மாற்றுப் பயிரும் இல்லை. இரண்டையும் வைத்துக் காலம் தள்ளியவர்களைப் பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் போதும். கல்வராயன் மலையின் தாலுகா தலைமையிடம் வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடியினர் இங்கே மானாவாரியாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்து வந்தவர்கள். இன்று சரிவெங்கும் கண்ணில் படுவது மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு.

சாமை மூன்று மாதப் பயிர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் 2019-இல் வெளியிட்ட ஏ.டி.எல். 1 ரகம் ஏறக்குறைய அப்படித்தான், 85 முதல் 90 நாள். ஆனால் இதே மக்கள் வாழும் கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள் உண்டு. எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. பெருஞ்சாமை நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு மழை பொய்த்தால் ஒரு ரகம் போகும், இன்னொன்று நிற்கும். அறுவடையும் ஒரே வாரத்தில் வந்து குவியாது. பேனிஷ்டில் தேறிய ஆட்டக்காரர்கள் பல தோல்விக்குப் பிறகு கற்றுக்கொள்கிற பாடம் இதுதான்.

அடுத்தது சேமிப்பு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும்; வெப்பநிலை ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி சொன்ன தோராய விதி இது. நன்றாகக் காயவைத்து மண் குதிரில் கொட்டி வாயை மெழுகி மூடுவதில் இருக்கிற அறிவியலும் இதுவே. கேழ்வரகில் வண்டு எளிதில் ஏறாது, பல வருஷம் கிடக்கும். சாமைக்கு வழவழப்பான கெட்டி உமியே கவசம்.

குச்சிக்கிழங்கு நேர் எதிர். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். ஆனால் பிடுங்காமல் விட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே இருக்கும். நிலமே கிடங்கு. 'ஃபார்தஸ்ட் ஃப்ரான்டியர்' விளையாட்டில் உணவு அழுகும், அதைத் தள்ளிப்போட நிலவறை கட்டவேண்டும். தேவைப்படும்போது மட்டும் பிடுங்கிக்கொள்கிற பயிரை விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

கலோரிக் கணக்கு போட்டால் கிழங்கு ஏன் ஜெயித்தது என்று புரியும். ஏக்கருக்கு எட்டு டன் கிழங்கு என்று வைத்துக்கொள்வோம். தோல் போக ஆறரை டன். ஓர் ஆளுக்கு நாளைக்கு 2,400 கிலோகலோரி என்றால் அது சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு வருஷச் சாப்பாடு. அதே ஏக்கரில் 600 கிலோ சாமை விளைந்து, உமி போக 400 கிலோ அரிசி தேறினால் ஒன்றரை ஆளுக்குத்தான் காணும். எடைக்கு எடை புரதம் பார்த்தால் சாமைதான் மேல். சாமையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் புரதம். கிழங்கில் ஒன்றோ ஒன்றரையோ.

ஆனால் மலைக்காரர் கிழங்கு போடுவது பன்னிரண்டு பேருக்குச் சமைக்க இல்லை. அது லாரியேறிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியும் மாவுமாக மாறும். கையில் காசு வரும்; சோறு கடையிலிருந்தும் ரேஷனிலிருந்தும் வரும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்றால், தேவையான கலோரியில் ஏறக்குறைய கால் பங்கு. மீதி முக்கால் பங்கை ஆலை அன்றைக்குத் தருகிற விலை தீர்மானிக்கிறது. பேனிஷ்டில் வியாபாரப் படகு உண்டு. ஆனால் விலை படுத்துவிடுகிற சந்தை இல்லை.

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதை மட்டும் அந்த விளையாட்டு கச்சிதமாகக் காட்டுகிறது. பூச்சி விழுந்தால் பக்கத்திலுள்ள அதே பயிர் வயலுக்குத் தாவும். வேறு பயிர் இருந்தால் அங்கேயே நிற்கும். 2020-இல் தென் அமெரிக்க மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் கண்டறியப்பட்டது. வெள்ளை மாவு பூசியதுபோல் குருத்தில் அடை அடையாக ஒட்டிச் சாறு உறிஞ்சும். நுனி சுருண்டு கொத்தாகிவிடும். தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளுக்கும் அது சீக்கிரமே வந்து சேர்ந்தது. எங்கும் ஒரே பயிர், நடுவதற்கு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற குச்சிகள். பூச்சிக்கு வேறென்ன வேண்டும்?

ஆப்பிரிக்கா இதே பூச்சியிடம் எழுபதுகளிலேயே அடிபட்டது. பராகுவேயில் தேடிப் பிடித்த ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைப் பரப்பி அங்கே அதை அடக்கினார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியா அந்தக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தே தின்னும். கடைசியில் காய்ந்த கூடுதான் மிஞ்சும். 

அப்படியானால் மறுபடி சாமைக்கே போகலாமே என்று சமவெளியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். பேனிஷ்டில் அறுத்த கோதுமையை மனிதர்கள் அப்படியே சாப்பிட்டுவிடுகிறார்கள். சாமையை அப்படித் தின்ன முடியாது. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். மணி சிறியது, உமி வழுக்கும், உலக்கை ஓங்கி விழுந்தால் நொய்யாகிவிடும். இந்த வேலை முழுக்கப் பெண்களின் தோளில் இருந்தது. ரேஷன் அரிசியும் கிழங்குக் காசும் முதலில் இறக்கி வைத்தது அந்த உலக்கையைத்தான். உமி நீக்கும் இயந்திரம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஊரில் சாமை விதைப்பதைப் பற்றிப் பேசலாம். இல்லாத ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் முதலில் முகம் சுளிப்பது வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும்.